ரப்பர் பால் பூசிய ஆணி

வாள் கைப்பிடியில் அந்த மூங்கில் ஆணி அதே இடத்தில்தான் இருந்தது. அதன் தலைமேல் பூசியிருந்த ரப்பர் பாலும் அப்படியே இருந்தது, எட்டு வருஷத்தில் இன்னும் கொஞ்சம் கறுத்து, காய்ந்த வெல்லப்பாகின் நிறத்துக்கு வந்திருந்தது. புஷ்பலீலா மேசை விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துப் பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம் என்று உடனே நினைத்தாள், பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தால் ஆணி வேறு ஆணியாகிவிடும் என்பதுபோல. ஆகவில்லை. ஜார்ஜ் டவுனில் பழம்பொருள் ஏலம் விடுகிற அந்தக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள், அதில் எட்டு வருஷமாக வாள்களுக்கு அவள்தான் விலை சொல்கிறாள், அந்த எட்டு வருஷத்தில் நூற்றுக்கு மேல் ஜப்பான் படை வாள்கள் இந்த மேசையில் படுத்து எழுந்து போயிருக்கின்றன, ஆனால் ரப்பர் பால் பூசிய ஆணி ஒன்றே ஒன்றுதான். இப்படி ஒரு காரியத்தை ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவனைத் தவிர உலகத்தில் யார் செய்வான். ஆணி கழன்று விழுந்துவிடக் கூடாதென்று, கையில் என்ன இருக்கிறதோ அதைப் பூசியிருக்கிறான், அவன் கையில் எப்போதும் இருந்தது அது ஒன்றுதானே. கதவை உள்ளே தாழிட்டிருந்தாள், வெளியே சிவப்பு விளக்கு எரியும், வாள் உறையை விட்டு வெளியே இருக்கும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்பது கடையின் சட்டம். உதடுகளுக்கு நடுவே மடித்த காகிதம் ஒன்றைக் கவ்வியிருந்தாள், மூச்சின் ஈரமும் எச்சிலும் இரும்பில் பட்டால் துரு பிடிக்கும் என்று ஜப்பானியர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம், அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஓ என்ற சீனக் கிழவர் அப்படித்தான் பழக்கியிருந்தார். ஆக, கதவும் மூடி, வாயும் மூடி, சன்னல் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இல்லாத அறையில், தான் எட்டு வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யோடு நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு இருபது. மூன்று மணிக்குள் விலை சொல்ல வேண்டும்.

பொய் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரி. அதுவும் அவள் கையெழுத்தில், இப்போது மேசையின் ஓரத்தில், பழைய கோப்பிலிருந்து லிம் முதலாளி எடுத்துவைத்த காகிதத்தில் இருக்கிறது: கைப்பிடி கழற்றிப் பார்க்கப்பட்டது, பெயர் எதுவும் இல்லை. எவ்வளவு நேராக எழுதியிருக்கிறாள், ஒரு எழுத்துகூடக் கோணவில்லையே. மற்றதெல்லாம் சரிதான், பழுப்பு வண்ணம் அடித்த இரும்பு உறை, செர்ரிப் பூ போட்ட பித்தளை, திருக்கை மீன் தோலின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நாடா, எல்லாம் போர்க்காலத்துச் சரக்கு. வெளியே இருப்பதை வைத்து இவ்வளவும் சொல்லிவிடலாம். சாதாரணச் சிப்பாய்த் தலைவனுக்குக் கொடுத்த வாள் என்றால் இரும்பிலேயே எண் வெட்டியிருக்கும், நேற்று எவனோ பட்டறையில் அடித்து விற்கிற போலி என்றால் நாடாவைத் தொட்டாலே நைலான் என்று தெரியும். ஆனால் அதிகாரிகளின் வாளில் ஒரு வம்பு உண்டு. பத்துக்கு ஒன்பது ஆலையில் அவசரமாக அடித்தவை, பத்தாவது ஒருவன் தன் பாட்டனின் வாளைப் படைக்கோலத்தில் மாட்டிக்கொண்டு சண்டைக்கு வந்திருப்பான். எது எது என்பது கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு வாலைப் பார்த்தால்தான் தெரியும், அந்த வாலைப் பார்க்க ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும், ஆணியை எடுக்காமல் சொல்கிற எந்த விலையும் பெண்ணைப் பார்க்காமல் நிச்சயம் பண்ணுகிற மாதிரிதான். இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இவளே சொல்வாள், அதுவும் சிரித்துக்கொண்டே. பழைய காகிதத்தை அப்படியே பார்த்து எழுதிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள். முன்பு வாங்கிய சேகரிப்பாளர் அவள் வார்த்தையை நம்பி எட்டு வருஷமும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து செத்தும் போய்விட்டார், மகன் விற்க வந்திருக்கிறான், அவனுக்குத் திறக்கத் தெரியாது, திறக்க ஆசையும் இல்லை. அப்படியே எழுதிவிடலாம். ஆனால் இதை இங்கே வாங்குகிற அடுத்தவன் திறப்பான், அவனில்லாவிட்டால் அதற்கடுத்தவன், ரப்பர் பாலைச் சுரண்டும்போதே இது பிறந்ததிலிருந்து திறக்காத ஆணி என்று தெரிந்துவிடும், அப்புறம் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். சிரிப்புக்கா பயப்படுகிறாள். இல்லை, பயம் வேறு.

கதவு தட்டப்பட்டது. லிம் முதலாளிதான், அவர் மோதிரத்தால் தட்டுவார். மலாய்மொழியில் கேட்டார், "லீலா, ஆயிற்றா? பையன் படகைப் பிடிக்க வேண்டுமாம். உன் பழைய குறிப்புதான் இருக்கிறதே, தேதியை மட்டும் மாற்றிக் கொடேன்."

வாயில் காகிதம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், அதனால் மேசையை இரண்டு முறை விரலால் தட்டினாள், இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு வசதியான காகிதத்தை அவள் கவ்வியதில்லை.

அன்றைக்கு மட்டும் இந்தக் காகிதம் வாயில் இருந்திருந்தால். அன்றைக்கு அவசரத்தில் கவ்வவில்லை, பேசிக்கொண்டே பார்த்தாள், பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அஞ்சலை அம்மா சுங்கை பட்டாணியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வாளைப் பழைய லுங்கிச் சாரத்தில் சுருட்டி, மேலே ஒரு குடையையும் சேர்த்துக் கட்டி, குடைதான் கொண்டுபோகிறேன் என்று பஸ்காரனை ஏமாற்றி வந்ததாகச் சொல்லி அவரே சிரித்தார். விலை கேட்கவில்லை. இந்தக் கடைக்கு வந்தவர்களில் விலை கேட்காத ஒரே ஆள் அவர்தான். "எங்க மாமனாரு வீராசாமி, பங்களாவுல சமைக்கிற குசினிக்காரரும்மா. ஜப்பான்காரன் காலத்துல அந்தப் பங்களாவுல ஒரு ஆபிசரு இருந்தாராம். தோட்டத்துல பாதி ஆளுங்கள சயாமுக்கு ரயிலு போடக் கொண்டுபோனாங்களே, அந்த லிஸ்டுல எங்க மாமனாரு பேரும் இருந்திச்சாம். அந்த ஆபிசருதான் பேர அடிச்சி விட்டாராம். போனவங்க யாரும் திரும்பல, இவரு இருந்தாரு, அதனாலதான் எங்க வீட்டுக்காரரு, நாங்க, புள்ளைங்க எல்லாம் இருக்கோம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார், வாள் கேட்டுவிடும் என்பதுபோல. "சண்ட முடிஞ்சி வெள்ளக்காரன்கிட்ட எல்லாத்தையும் குடுக்கச் சொல்றப்ப, இது எங்க பாட்டன் சாமான், அவன்கிட்ட குடுக்க மாட்டேன், நீ வச்சிரு, உள்ள என் பேரு ஊரு இருக்கு, என்னைக்காச்சும் என் வீட்ல சேத்துடுன்னு மாமனாருகிட்ட குடுத்தாராம். அவரு சாகறப்ப எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னாரு, எங்க வீட்டுக்காரரு சாகறப்ப என்கிட்ட சொன்னாரு. நானும் போறதுக்குள்ள சேத்துடணும். உள்ள பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா." இவ்வளவுதான். ஒரு பெயர். அதைக்கூட இவள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, இருக்கிறது என்று சொன்னால் போதும்.

ஆணி வரவில்லை. அதுதான் நடந்தது. இரண்டு முறை தட்டினாள், மூன்றாவது முறை தட்டியபோது சுத்தியல் வழுக்கி நாடாவில் பட்டது, ரப்பர் பால் இரும்புபோல் பிடித்துக்கொண்டிருந்தது. அது அவள் தனியாகப் பார்த்த முதல் வாள். கிழவர் ஓ முந்தின வெள்ளிக்கிழமைதான் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், பொம்பளை கையில் வாளைக் கொடுப்பதா என்று கடையில் இரண்டு பேர் வாய்விட்டே கேட்டிருந்தார்கள், லிம் முதலாளி மட்டும் பார்ப்போமே என்றிருந்தார். வெளியே போய், ஆணி வரவில்லை, யாராவது வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன, ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். ஒரு மாதச் சிரிப்பைத் தாங்க முடியாத மானம். அவள் வெளியே வந்தாள், அஞ்சலை அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்தார், இவள் வாய் தானாகவே சொன்னது, பார்த்துட்டேம்மா, பேரு ஒண்ணும் இல்ல, இது ஆலையில செஞ்சது, பாட்டன் சாமான்லாம் இல்ல. எவ்வளவு சுலபமாக வந்தது. பத்து வயதில் அப்பா, கோழிக்கூண்டைப் பூட்டினாயா என்று கேட்டபோதும் இதே சுலபத்தில்தான் வந்தது, பூட்டினேன். அன்று ராத்திரி முசாங் என்கிற மரநாய் புகுந்து ஆறு கோழியைத் தின்றுவிட்டுப் போனது, கடைசியாகக் கூண்டுப் பக்கம் போனவன் தம்பிதான் என்று அப்பா பெல்ட்டை உருவினார், தம்பி அழுதுகொண்டே இவளைப் பார்த்தான், இவள் சுவரைப் பார்த்தாள். தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை. பூட்டாத கூண்டு, திறக்காத ஆணி, ஐம்பத்து நான்கு வயதுக்கு அவள் சம்பாதித்தது இந்த இரண்டும்தானா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அஞ்சலை அம்மா திட்டியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சாரத்தை மடித்து மடித்துப் பிரித்தார், பேரு இல்லாத சாமானை நான் வச்சி என்னம்மா பண்ணப்போறேன், நீங்களே எடுத்துக்குங்க என்று கொடுத்த விலையை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு வந்தது. அடுத்த தீபாவளியிலிருந்து போன். வருஷம் தவறாது, காலையில் பசியாறுகிற நேரத்துக்கு, லீலாம்மா பசியாறிட்டீங்களா என்று. முதல் இரண்டு வருஷம் வாளைப்பற்றிப் பேச்சில்லை. மூன்றாவது வருஷம் தானாகவே சொன்னார். "எம்மவன் சொல்றான், தாத்தா அத எங்கயோ களவாண்டு வந்துட்டு வீட்ல கத உட்டிருக்காருன்னு. ஜப்பான்காரன் ஓடறப்ப பங்களாவுல புகுந்து எடுத்திருப்பாரு, அதான் பேரும் இல்ல ஊரும் இல்லேங்கறான். எனக்கும் அப்படித்தான் இருக்குமோன்னு தோணுதும்மா. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம போயிட்டாரு. நான் அவர மன்னிச்சிட்டேன்." மன்னித்துவிட்டாராம். வீராசாமியை இவள் பார்த்ததில்லை, படத்தில்கூட இல்லை, ஆனால் அன்று போனை வைத்த பிறகு யாரோ ஒரு கிழவர் சமையல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் பின்னால் நிற்பதாகவே தோன்றியது, கோபமாகக்கூட இல்லை, ஏம்மா என்று கேட்கிற மாதிரி. செத்த மனிதனைத் திருடனாக்கிவிட்டாள். சொல்லிவிட வேண்டியதுதானே என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள், பசியாறிட்டேம்மா என்பாள், வைத்துவிடுவாள். வருஷம் கூடக் கூட அந்த ஒரு வரிக்குமேல் ரப்பர் பால் காய்ந்து இறுகிக்கொண்டே போனது.

இரண்டு நாற்பது. குளிர்சாதனத்திலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவது தெரிந்து நிறுத்தினாள். ஒருவேளை உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அவள் சொன்னது பொய்யே இல்லை, வெறும் அவசரம், யாருக்கும் ஒன்றும் கெடவில்லை, வீராசாமி நிஜமாகவே களவாண்டிருப்பார். ஆணி உள்ளே இருக்கும்வரை அந்த ஒருவேளையும் உள்ளே இருக்கிறது. எடுத்துவிட்டால் போச்சு. எடுக்காமல் விட்டால் அஞ்சலை அம்மா காலம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும், அவருக்கும் எண்பது ஆகப்போகிறது, சே, என்ன நினைப்பு இது, முறுக்கு சுட்டு அனுப்பிய கை. கிராம்பு எண்ணெய் மணந்தது. வாளுக்குப் பூசுகிற எண்ணெயில் கிராம்பு சேர்ப்பார்கள், சின்ன வயதில் பல்வலிக்கு அம்மா பஞ்சில் நனைத்து வைப்பது இதே வாசனைதான், பல்வலி வந்தால் வாயைத் திறக்கவே மாட்டாள், திறந்தால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, திறக்காமல் திறக்காமல் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்து, கடைசியில் மூன்று பேர் பிடித்துக்கொண்டு பிடுங்கினார்கள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவள் போட்ட தாழ்ப்பாள்தான், எழுந்து நீக்கினால் வெளியே போகலாம், முதலாளி இருப்பார், வெயில் இருக்கும், ரிக்ஷாக்காரன் மணி அடித்துக்கொண்டு போவான். ஆனால் எழுந்து போகிற வழி மேசையின் வழியாக அல்லவா இருக்கிறது.

முடி உலர்த்துகிற கருவியை அவள் எப்போது சொருகினாள் என்று அவளுக்கே தெரியாது. சூடான காற்றைப் பால்மேல் பிடித்தாள், தூரம் வைத்து, நாடா கருகாமல். பொறுமையாக இருந்தால் பத்து நிமிஷம்தான், அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அவளிடம் பஞ்சம். பால் இளகியது, ஓரம் தூக்கியது, குண்டூசியால் நெம்பினாள், நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, எழுபத்து சொச்ச வருஷத்து நாற்றம் அறையை நிறைத்தது, ரப்பர் ஆலைப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்களே அதே நாற்றம். கண் எரிந்தது. பித்தளைக் குச்சியை ஆணித்தலைமேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, மூங்கில் நகர்ந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வாளை நிமிர்த்தி இடது கையில் பிடித்து, அந்த மணிக்கட்டின்மேல் வலது முஷ்டியால் ஓங்கிக் குத்தினாள். கிழவர் ஓ சொல்லிக்கொடுத்தபடி, பயந்தால் கழலாது, கோபமாகக் குத்து. அவளுக்குக் கோபத்துக்குக் குறைச்சலா. மூன்றாவது குத்தில் கைப்பிடிக்குள் இரும்பு அசைந்து கொடுத்தது.

வால் கறுப்பாக வந்தது. ஆலை இரும்பின் செம்பழுப்பு இல்லை, இருநூறு முந்நூறு வருஷம் ஊறிய கறுப்பு, அடியில் குறுக்கி வெட்டிய தடம், பழையது ஒன்று புதியது ஒன்றாக இரண்டு துளை. பாட்டன் சாமான்தான். விலை இருபது மடங்கு என்று மூளையின் ஒரு மூலை பழக்கத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. முன்னால் திருப்பினாள், பெயர் இல்லை. பின்னால் திருப்பினாள், இல்லை. விளக்கின்கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், இரும்பில் ஒரு எழுத்தும் இல்லை. பெயர் எதுவும் இல்லை. அவள் எழுதியது சரி! தோளிலிருந்து எட்டு வருஷம் இறங்கியது, காகிதம் கவ்விய வாயோடு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, கடவுளே கடவுளே என்றாள் மனதுக்குள், வெறும் கைப்பிடியை எடுத்துச் சந்தோஷத்தில் மேசைமேல் தட்டினாள், தூசி தட்டுகிற மாதிரி. உள்ளேயிருந்து ஒரு காகிதம் பாதி வெளியே வந்து நின்றது.

கைப்பிடி தளர்ந்திருந்தால் இடுக்கில் காகிதம் மடித்துச் செருகுவது உண்டு, அவள் பலமுறை பார்த்திருக்கிறாள், பழைய செய்தித்தாள், கணக்குத் தாள் என்று. இது அதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இடுக்கியால் இழுத்துப் பிரித்தாள். தூரிகை எழுத்து. அவள் ஜப்பானிய எழுத்து படித்தது வாள் வாலில் இருப்பதைப் படிக்கத்தான், ஊரும் பேரும் வருஷமும் தெரியும், மற்றதைத் தடவித் தடவிப் படிப்பாள். ககாவா என்று ஒரு மாநிலம். ஒரு கிராமம். மினொவா வீடு. அதன் கீழே வேறு மாதிரி எழுத்து, வெளிநாட்டுப் பெயர்களை ஒலிக்கு ஒலி எழுதுகிற கோணல் எழுத்து, அதை அவளால் தட்டுத் தடுமாறாமல் படிக்க முடியும். பீ. ரா. சா. மி. ஜப்பானிய எழுத்தில் வீ கிடையாது, வீராசாமிதான். மிச்சத்தைப் படிக்க நேரமானது: இதைக் கொண்டு வருபவர் இவர். நான் என் கையால் கொடுத்தது. உட்காரவைத்துச் சோறு போடுங்கள். மூன்று வருஷம் சமைத்துப் போட்டவனுக்கு, அந்த ஆள் தன் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு சொல்லிவைத்திருக்கிறான். அது தொலைந்துவிடக் கூடாதென்று அந்தச் சமையல்காரர், படிக்கத் தெரியாத மனிதர், ரப்பர் பாலைப் பூசிப் பத்திரமாக மூடியிருக்கிறார். அந்த மூடியைப் பார்த்துத்தான் இவள் ஒன்றும் இல்லை என்று சொன்னாள்.

"லீலா, மூன்று மணி" என்றது கதவு. மோதிரம் தட்டியது. "பழைய குறிப்பையே கொடு, போதும்."

அவள் மேசையைத் தட்டவில்லை. பழைய குறிப்பைக் குப்புறத் திருப்பி வைத்தாள். கைப்பேசியை எடுத்தாள், பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை, அகர வரிசையில் முதல் பெயர் அஞ்சலை அம்மாதான், தினமும் வேறு யாரையோ கூப்பிட எடுக்கும்போதெல்லாம் தாண்டித் தாண்டிப் போன பெயர். இவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. மணி போனது. போனது. எடுக்க மாட்டார், தூங்கிக்கொண்டிருப்பார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கப் போனபோது எடுத்தார்கள்.

"யாரு, லீலாம்மாவா? என்னாம்மா, தீபாவளிக்கு இன்னும் நாளு இருக்கே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

அவளால் பேச முடியவில்லை. ஏன் என்று ஒரு கணம் புரியவில்லை, பிறகுதான் காகிதம் இன்னும் வாயில் இருப்பது தெரிந்தது. எடுத்தாள். உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது.

"அம்மா, நான் அன்னிக்கு அதத் திறக்கவே இல்ல" என்றாள். "ஆணி வரல. வரலேன்னு சொல்ல மானக்கேடா இருந்திச்சி. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள். கதவு மறுபடி தட்டப்பட்டது. அஞ்சலை அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்ட அதே குரலில் கேட்டார்.

"இப்ப தெறந்துட்டீங்களா? உள்ள பேரு இருக்காம்மா?"

"இருக்கும்மா" என்றாள் புஷ்பலீலா. "ரெண்டு பேரு இருக்கு. ஒண்ணு உங்க மாமனாரு பேரு."